வேண்டுதல் மூச்சு

சி பிளாக்கில் குறட்டை விடுகிறவன் வீரணன் ஒருவன்தான் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டி வைத்திருந்தோம். ஆள் உருவம் அப்படி. அவன் மாடிப்படி ஏறி வந்தால், எதிரே இறங்குகிறவர் மறுபடி மேலே போய் நின்று வழிவிட வேண்டும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தச் சத்தம் பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் அடுத்த வீடு. அவர்கள் படுக்கையறைக்கும் என் வீட்டு ஹாலுக்கும் ஒரே சுவர். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது மீட்டர்களே தங்கள் கணக்கைத் தாங்களே அனுப்பிவிடுகின்றன. வாசலில் நின்று “ஈபி!” என்று குரல் கொடுத்துவிட்டு, சமையலறை வரை ஒரு பார்வை பார்க்கிற பாக்கியம் எங்கள் தலைமுறையோடு போயிற்று. மதுரையில் பாதி வீடுகளின் உள்பக்கம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

வீரணனுக்குக் குடிநீர் ஏற்று நிலையத்தில் ராத்திரி டூட்டி. அங்கே வால்வு திறப்பது, மூடுவது, அழுத்தம் பார்ப்பது எல்லாம் இயந்திரம்தான். ஆனாலும் மனிதன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்த மனிதன் வீரணன். விடியும்வரை உட்காருவதும், உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் எதையாவது மெல்லுவதும்தான் வேலை. உடம்பு போட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தூக்கம் பகலில். சத்தம் படிப்படியாக ஏறும். உச்சிக்குப் போனதும் பட்டென்று நின்றுவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். தண்ணீருக்குள் அமுங்கிய ஆள் மேலே வருவதுபோல ஓர் இழுப்பு கேட்கும். அதற்கப்புறம்தான் பேப்பரில் அடுத்த பத்தியைப் படிப்பேன்.

அவன் மனைவி பஞ்சவர்ணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒடிசலான உடம்பு. ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்குவாள். பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசம் எங்கள் வீட்டுக்கே வரும், அவளுக்குத் தெரியாது. தையல் கம்பெனியில் மிஷின்மேல் தலைவைத்துத் தூங்கியதற்காக வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பிளாக்கில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். “பகல்ல அவ அவனோட சேந்து கண்ணசர்றா. அந்தக் குறட்டைக்குப் பக்கத்துல படுத்தா யாருக்குத் தூக்கம் வரும்?” என்று என் மனைவி கமலவேணி மட்டும் பரிந்து பேசுவாள். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பாள். அவள் பல வருடமாகச் சமையலறையில்தான் படுக்கிறாள். காற்று நன்றாக வருகிறதாம்.

வீரணனின் இதயம் இரண்டு ஆள் வேலை பார்க்கிறது, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டுத் திட்டத்தில் இடமும் கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளை அப்படியே மேஜையில் கிடத்த முடியாது. ஒன்றரை மாதம் மூச்சுப்பெட்டி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் ரிஸ்வானா. ஆஸ்பத்திரியின் தூக்கப் பிரிவில் டெக்னீஷியன். சுறுசுறுப்பான பெண். அவள் வந்து இறங்கிய நேரத்தில் எனக்கு அவர்கள் வீட்டில் கொஞ்சம் சீனி தேவைப்பட்டது. டம்ளரோடு போய் நின்றேன்.

“தூங்குறப்ப தொண்டைச் சதை தளர்ந்து வழிய அடைக்குதுண்ணே. இந்தப் பெட்டி இந்த முகமூடி வழியா லேசா காத்த அழுத்திக்கிட்டே இருக்கும். வழி தெறந்தே இருக்கும்” என்று அவள் வீரணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அதாவது தொண்டைக்கு ஒரு பம்ப் ஹவுஸ்” என்றான் வீரணன்.

“அதேதான்.”

“அப்ப பக்கத்துல ஒரு ஆளு சும்மா உக்காரணுமே?”

“அதுக்குத்தான் மீட்டர் அண்ணே இருக்காருல்ல” என்றாள் பஞ்சவர்ணம், கொட்டாவிக்கு நடுவே.

ரிஸ்வானா சிரித்துவிட்டு, “உங்க மூச்சு எப்படிப் போகுது, எங்க நிக்குதுன்னு தினம் இது படிச்சுக் கத்துக்கும். ஒருத்தர் பெட்டிய இன்னொருத்தர் மாட்டக்கூடாது. பல் வெளக்குற பிரஷ் மாதிரி. தெனம் எவ்வளவு நேரம் மாட்டுனீங்கன்னு ஆஸ்பத்திரிக்குத் தானே சொல்லிரும். நேரம் கொறஞ்சா உங்க எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்” என்றாள்.

“வேற ஆளு மாட்டுனா அதுக்குத் தெரியாதா?” என்று நான் கேட்டேன். சீனி வாங்க வந்தவன் கேட்கக்கூடாத கேள்விதான்.

“முன்னாடி கேமரா இருந்துச்சு சார். படுக்கையறையில கேமராவான்னு குடியிருப்புக் குடியிருப்பா மனுப் போட்டு எடுக்க வச்சுட்டாங்க.”

நான் டம்ளரைப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பதற்கு ஒரு வரைமுறை வேண்டும் அல்லவா.

மறுநாளிலிருந்து சுவர் அடங்கிப்போயிற்று. மெல்லிய உறுமல் மட்டும், பழைய ஃபிரிட்ஜ் போல. என் பாதிப் பொழுதுபோக்குப் போனது. ஆனால் விஞ்ஞானத்துக்கு நான் எதிரி இல்லை, பொறுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் ஓர் ஆச்சரியம் ஆரம்பித்தது. பஞ்சவர்ணத்தின் முகம் தெளிந்தது. பால் பொங்கவில்லை. ரேஷன் கடையில் எடைபோடும் இயந்திரம் அரிசியைக் குறைத்ததைக் கண்டுபிடித்து, அதனோடு நின்று சண்டை போட்டாள். இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. பரணிலிருந்து தையல் மிஷினை இறக்கி, பிளாக்கில் எல்லோருக்கும் ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். பாட்டு வேறு.

“புருசன் கொறட்ட நின்னுச்சு, பொண்டாட்டிக்குத் தூக்கம் வந்துச்சு. இதுல என்ன அதிசயம்?” என்றாள் கமலவேணி.

அது சரி. ஆனால் வீரணன்? கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது. லிஃப்ட் கதவில் சாய்ந்து தூங்கினான். மருந்து சாப்பிடுகிறவன் ஒருத்தன், குணமாகிறவள் இன்னொருத்தி. நாற்பது வருடம் மீட்டர் பார்த்தவன் நான். கரண்ட் எங்கேயோ பக்கத்து வீட்டுக்குக் கசிகிறது என்பது புரிந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி உறுமிக்கொண்டிருந்தபோது, கருவேப்பிலை பறிக்கிற சாக்கில் கீழே இறங்கினேன். பிளாக்குக்குப் பின்னால் ஆளில்லா ஆட்டோக்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கொட்டகை இருக்கிறது. கடைசி ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. “தயவுசெய்து போக வேண்டிய இடத்தைச் சொல்லவும்” என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே, முகமூடியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், எங்கள் பழைய குறட்டை.

அப்படியானால் மேலே பெட்டிக்குள் யார் தூங்குகிறார்கள்?

இரண்டிரண்டு படியாக ஏறினேன். கதவைத் தட்டினேன். பழக்கதோஷத்தில் “ஈபி!” என்று வேறு சொல்லிவிட்டேன். பஞ்சவர்ணம் திறந்தாள். இரண்டு கன்னத்திலும் முகமூடிப் பட்டையின் தடம்.

அவள் மழுப்பவில்லை. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“சின்னதுல கெணத்துக்குள்ள விழுந்தவருண்ணே அவரு. மொகத்துல அத வச்சதும் மறுபடியும் தண்ணிக்குள்ள போற மாதிரி இருக்குன்னு மொத நாளே புடுங்கி எறிஞ்சிட்டாரு. நேரம் கொறஞ்சா பேர அடிச்சிருவாக. என்ன செய்யச் சொல்றீக?”

“அதுக்கு நீ மாட்டுறதா? நோயி அவனுக்கும்மா!”

“ஏன், அவருக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நான் தீச்சட்டி எடுக்கலியா? வேலை நெரந்தரம் ஆகணும்னு மொட்ட போடலியா? ஒரு நாளாச்சும் ஆத்தா, ‘நோயி அவனுக்கு, முடி ஒன்னோடதா’ன்னு கேட்டிருக்காளா? அவருக்காக இம்புட்டும் செஞ்சவ, நாலு மணி நேரம் மூச்சு விடக்கூடாதா?”

மாரியம்மனுக்கும் மூச்சுப்பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

“அவன் ஏம்மா ஆட்டோவுல போயிப் படுக்குறான்?”

“வீட்டுல படுத்தா கொறட்ட கேக்கும். சுவத்துக்கு அங்கிட்டு நீங்க இருக்கீகளே!”

நான் அந்தச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.

“யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு மடப்புரம் காளி மேல சத்தியம் பண்ணுங்க” என்று கையை நீட்டினாள். பண்ணித் தொலைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு செய்தி கிடைத்து அதைச் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. வயிறு உப்பிவிட்டது. “என்ன, ஒடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லல” என்று கமலவேணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ரிஸ்வானா வந்தாள். பெட்டியிலிருந்து நகம் அளவு சில்லு ஒன்றை எடுத்து டப்பியில் போட்டுக்கொண்டாள். “அவரு கடைக்குப் போயிருக்காரு” என்று பஞ்சவர்ணம் சொன்னது என் காதில் விழுந்தது. ரிஸ்வானா படி இறங்கும்போது நானும் தற்செயலாக இறங்கினேன்.

“இந்தக் குட்டிச் சில்ல வச்சு என்னம்மா பண்ணுவீங்க?”

“இதுதான் சார் அவரோட மூச்சுப்படி, அவரு மூச்சு விடுற விதத்தோட நகல். நாளைக்கு மயக்கம் குடுத்தப்புறம், எப்ப தொண்டை அடைக்கும், எவ்வளவு காத்து விட்டா தெறக்கும்னு தியேட்டர் மெஷினுக்கு இதுதான் சொல்லும். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி பூரா இதப் பாத்துத்தான் அது அவருக்கு மூச்சு குடுக்கும். முந்தி ராத்திரி பக்கத்துல நர்ஸ் நிப்பாங்க. இப்ப இது இருக்குன்னு அவங்களையும் எடுத்துட்டாங்க.”

“ஒருவேள படி மாறிப்போச்சுன்னா?”

அவள் சிரித்தாள். “எப்படி சார் மாறும்? மாறுனா, அந்த ஒடம்புக்கு வேணும்ங்கிற காத்து வராது. காலையில ஆள எழுப்ப முடியாது. நீங்க ஏன் அதையெல்லாம் நெனைக்கிறீங்க?”

அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த டப்பிக்குள் இருப்பது நாற்பத்தைந்து கிலோ பஞ்சவர்ணத்தின் மூச்சு. அதை வைத்து வீரணனை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டப்போகிறார்கள். சொன்னால் காளி என்னைப் பார்த்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் வீரணன் இல்லை. சொல்லக்கூடாததையெல்லாம் ஊருக்குச் சொன்ன வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் பசை போட்டது மாதிரி நின்றது.

“ரிஸ்வானா!” என்று கத்தினேன். “ஒனக்கு ஆட்டோ வேணுமா?”

“பஸ்ல போயிக்கிறேன் சார்.”

“இல்ல, நீ ஆட்டோவுலதான் போகணும். பின்னாடி கொட்டகையில கடைசி ஆட்டோ. நான் சொல்றதக் கேளு தாயி.”

சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம். காட்ட மாட்டேன் என்று இல்லையே.

கடைசி ஆட்டோ வழக்கம்போலச் சாய்ந்திருந்தது. குறட்டை ஏறியது, நின்றது. ரிஸ்வானாவும் நின்றாள். பெரிய இழுப்போடு மூச்சு திரும்பி வரும்வரை அவள் கண் இமைக்கவில்லை. பிறகு கையிலிருந்த டப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கெட்டியாக மூடிக்கொண்டு கருவேப்பிலை மரத்தைப் பார்த்தேன்.

அவள் வீரணனை உலுக்கினாள். “அண்ணே, பெட்டிய எத்தன நாளு மாட்டுனீங்க?”

தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்குப் பொய் உடனே வராது. “எங்க மாட்டுனேம்மா…” என்றான்.

மேலே போனோம். எங்களை ஒன்றாகப் பார்த்ததும் பஞ்சவர்ணம் கையிலிருந்த ரவிக்கைத் துணியைக் கீழே போட்டாள். “அண்ணே, சத்தியம்…”

“நான் வாயே தெறக்கலம்மா. வேணும்னா கேட்டுப் பாரு.”

ரிஸ்வானா சில்லைத் தன் கைக்கருவியில் செருகினாள். திரையில் அலை அலையாகக் கோடுகள். ஏறி இறங்கி ஓடிய கோடு பல இடங்களில் வெறும் தரையாகக் கிடந்தது. அங்கெல்லாம் பெட்டிதான் காற்றைக் கூட்டி வழியைத் திறந்திருக்கிறது.

“அவரு பேர அடிச்சிருவீகளா? அவரு மேல தப்பில்லம்மா, நான்தான்…” என்று பஞ்சவர்ணம் அழ ஆரம்பித்தாள்.

“அக்கா, மொதல்ல உக்காருங்க. இத மாட்டுனது நீங்க மட்டும்தானா? அவரு ஒரு நாளும் இல்லையா?”

“ஆத்தா சத்தியமா நான் மட்டும்தான்.”

“அண்ணனோட பழைய ரிப்போர்ட்ட விட இது மோசமா இருக்கே.” ரிஸ்வானாவின் குரல் தணிந்தது. “தூக்கத்துல மூச்சு நிக்கிறது உங்களுக்குக்கா. அவரவிட அதிகமா.”

“எனக்கா? நான் நாப்பத்தஞ்சு கிலோ தாயி!”

“தொண்டை தராசுல ஏறி நிக்கிறதில்லக்கா. உங்க தாடை சின்னது, வழி குறுகல். எத்தன வருசமா இப்படியோ. ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுறவங்க பகல்ல தூங்காம வேற என்ன செய்வாங்க?”

கீழே போட்ட ரவிக்கைத் துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமாகக் கேட்டது ஒரு குறட்டை அல்ல, இரண்டு. காது வைத்துக் கேட்ட எனக்கே பிரித்துத் தெரியவில்லை. தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்ததில் எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு.

வீரணன் கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் முனகியது. “என் கொறட்டையாலதான் இவ தூங்கலன்னு நெனச்சுட்டேன். இவளத் தையல் கம்பெனியில நிறுத்துனப்ப, நான் என்ன சொன்னேன் தெரியுமாண்ணே? சோம்பேறின்னேன்.”

“விடுங்க” என்றாள் பஞ்சவர்ணம் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நீங்க மட்டுமா சொன்னீக?”

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. ஆனால் இடம் போகவில்லை. “ஆள் மாறாட்டம்னு எழுதுனா காப்பீடே ரத்தாயிரும். படி கோளாறு, மறுபடி எடுக்கணும்னு எழுதுறேன். கோளாறுதானே?” என்றாள் ரிஸ்வானா. பஞ்சவர்ணத்தின் பேரில் தனியாக ஒரு பெட்டிக்கும் ஏற்பாடு செய்தாள். “ஆனா அண்ணே, இந்தத் தடவ நீங்கதான் மாட்டணும். வேற வழியே இல்ல.”

வீரணன் முகமூடியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வைத்தான். உடனே எடுத்தான். வேர்த்துவிட்டது. “முடியலம்மா. கெணறும்மா இது.”

ரிஸ்வானா பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அக்காவோட படிய இந்தப் பெட்டியிலருந்து அழிக்கணும். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாப்போமா? இது புதுசா ஆரம்பிச்சா அதோட இஷ்டத்துக்கு ஒரே மாதிரி ஊதும். அக்காவோட மூச்சுத் தாளத்துலயே மெதுவா ஆரம்பிக்க வைக்கிறேன். மூச்சு நின்ன எடத்தையெல்லாம் விட்டுட்டு.”

மறுபடி வைத்தார்கள். அவன் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தான். பெட்டி மெல்ல ஊதி, மெல்ல விட்டது. ஊதி, விட்டது. நாங்கள் காத்திருந்தோம். சட்டத்தைப் பிடித்திருந்த விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. முகமூடிக்குள்ளிருந்து குழறலாகக் குரல் வந்தது.

“பஞ்சு, இது நீதானடி.”

கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் கேட்டுப் பழகிய மூச்சு. அதற்கு எதற்குப் பயப்பட வேண்டும்? தூங்கிவிட்டான். பஞ்சவர்ணம் வெட்கத்தில் சமையலறைக்குள் போய், எங்களுக்கு டீ போடுகிறேன் என்று ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

அடுத்த வாரங்களில் பெட்டி அவனுடைய மூச்சைக் கற்றுக்கொண்டது. அவளுடைய தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஆபரேஷனன்று நானும் கமலவேணியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சவர்ணம் கண்கொட்டாமல் விழித்திருந்தாள். தூங்குமூஞ்சி என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. காலையில் கண்ணாடிக்கு அப்பால் வீரணன் கண் திறந்தான். உள்ளே விட்டதும் என்னைத்தான் முதலில் தேடினான்.

“காளி ஒண்ணும் பண்ணலையாண்ணே?”

“ஓட்டை இருக்கிற சத்தியம்டா. அவளுக்கே தெரியும்.”

வயிறு வலிக்கும், சிரிக்காதே என்று காலை டூட்டிக்கு வந்த நர்ஸ் திட்டினாள்.

இப்போது அவன் படியேறினால் பக்கத்தில் ஒரு ஆள் போகலாம். அடுத்த வீட்டில் இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் உறுமுகின்றன. வேறு சத்தமே இல்லை. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் போன வாரம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மூன்றாவது மாடிக்காரர் எழுந்து, சி பிளாக்கில் குறட்டைச் சத்தம் இன்னும் நிற்கவில்லை, வீரணன் ராத்திரி டூட்டியில் இருக்கும்போதுகூடக் கேட்கிறது என்று புகார் சொன்னார். நான் துள்ளி எழுந்தேன். சுவருக்குப் பக்கத்திலேயே இருப்பவன் நான், அவர்கள் இருவரிடமிருந்தும் ஒரு பொட்டுச் சத்தம் வருவதில்லை, சத்தியம் வேண்டுமானாலும் பண்ணுகிறேன் என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கமலவேணி மின்விசிறியைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு குரல்.

“ஈபி!”

திறந்தால் ரிஸ்வானா. கையில் புதுப் பெட்டி. “மீட்டர் அண்ணே, ஒரு ரீடிங் எடுக்கணும்” என்றாள். அவளுக்குப் பின்னால் வீரணனும் பஞ்சவர்ணமும் கையில் ஆளுக்கொரு காலி டம்ளரோடு நின்று, என் வீட்டுக்குள் சமையலறை வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.